குறைந்த பட்ஜெட்டில் நல்ல கிட்டார்: அந்தமானின் ஈரக்காற்றுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்ரீ விஜயபுரம்: மூவாயிரம், நான்காயிரம் ரூபாய்க்கு வாங்கிய முதல் கிட்டாரில் ஓராண்டு பழகியாகிவிட்டது. ஐந்தாறு கார்டுகள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் விரல் நுனிகள் வலிக்கின்றன, சுருதி நிற்பதில்லை, மழை தொடங்கியதும் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. இதைவிடச் சற்று நல்ல கிட்டார் ஒன்று வேண்டும், ஆனால் கையில் பத்து பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை. இந்தியாவின் எந்த ஊரிலும் எழக்கூடிய கேள்வி இது. எனினும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு குடும்பம் இதே கேள்வியைக் கேட்டால், சென்னையில் சொல்லப்படும் விடை அப்படியே பொருந்தாது.

காரணங்கள் இரண்டு. முதலாவது, தீவின் காற்றிலுள்ள ஈரப்பதம். இரண்டாவது, நடுவில் கிடக்கும் கடல். சென்னையில் வாங்கிய கிட்டாரில் குறை தெரிந்தால் மறுநாளே கடைக்கு எடுத்துச் செல்லலாம். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், கப்பலில் மூன்று நாள் பயணத் தொலைவில் வாழ்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. தவறான தேர்வு அப்படியே வீட்டு மூலையில் தங்கிவிடும். பெரும்பாலும் அதனுடன் சேர்ந்து கற்கும் ஆர்வமும் அங்கேயே முடங்கிவிடும்.

ஈரம் மரத்தை என்ன செய்கிறது?

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடும் இடம் இத்தீவுகள்தான். மே மாதம் தொடங்கும் மழை, வடகிழக்குப் பருவமழையுடன் சேர்ந்து டிசம்பர் வரை நீள்கிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கிட்டார் தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதோ 45 முதல் 55 சதவீதம் வரை.

மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் விரிகிறது. கிட்டாரின் மேல்பலகை நாற்புறமும் ஒட்டப்பட்டிருப்பதால் விரிவதற்கு இடமின்றி மேல்நோக்கி உப்புகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள பிரிட்ஜும் உயர்கிறது, பிரிட்ஜ் உயர்ந்தால் கம்பிகளும் உயர்கின்றன. ஜனவரியில் எளிதாக அழுத்த முடிந்த எஃப் கார்டு, ஆகஸ்டில் விரலை வெட்டுவதுபோல் வலிப்பதற்கு இதுவே காரணம். பழகுபவரின் கையில் குறை ஏதுமில்லை.

குளிர்சாதன அறையில் வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. இரவு முழுவதும் குளிர்சாதனம், பகல் முழுவதும் திறந்த சன்னல் என்றால் நிலைமை மோசமாகும். நிலையான ஈரத்தை மரம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நாள்தோறும் விரிந்து சுருங்குவதைத்தான் அதனால் தாங்க முடியாது. ஒட்டு விடுவதும், மேல்பலகையில் நீளவாக்கில் கீறல் விழுவதும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

ஒற்றைப் பலகையா, ஒட்டுப்பலகையா?

கிட்டார் வாங்க ஆலோசனை கேட்டால் முதலில் வரும் பதில், மேல்பலகை 'சாலிட் டாப்' ஆக இருக்கட்டும் என்பதே. அதாவது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த பலகையாக இல்லாமல், முழு மரத்திலிருந்து அறுத்த பலகை. இந்த அறிவுரையில் தவறில்லை. முழு மரப்பலகை சுதந்திரமாக அதிர்கிறது, ஒலி விரிவாக எழுகிறது, ஆண்டுகள் செல்லச் செல்ல இனிமை கூடுவதாகவும் வாசிப்பவர்கள் கருதுகின்றனர்.

விலைப்பட்டியலில் இந்த வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. யமஹாவின் எஃப்310 ஒட்டுப்பலகை, எஃப்ஜி800 ஒற்றைப் பலகை. ஃபெண்டரின் சிடி-60 ஒட்டுப்பலகை, அதே பெயரின் இறுதியில் 'எஸ்' என்ற எழுத்து சேர்ந்தால் ஒற்றைப் பலகை. விவரக்குறிப்பில் 'சாலிட்' என்ற சொல் இல்லாமல் 'ஸ்ப்ரூஸ் டாப்' என்று மட்டும் இருந்தால் அது ஒட்டுப்பலகை என்றே கொள்ள வேண்டும். கடையில் நேரில் பார்க்க முடிந்தால், ஒலித்துளையின் விளிம்பைக் கவனியுங்கள். மேற்பரப்பில் தெரியும் நார்க்கோடுகள் விளிம்பின் தடிமனிலும் தொடர்ந்து இறங்கினால் ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

ஆனால் தீவுவாசிகளைப் பொறுத்தவரை, பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட பட்ஜெட்டில் ஒட்டுப்பலகையே அறிவார்ந்த தேர்வு. ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த அடுக்குகளின் நார்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருக்கும். ஓர் அடுக்கு விரிய முயன்றால் மற்றோர் அடுக்கு பிடித்து நிறுத்தும். எனவே மழைக்காலத்தில் உப்புவது குறைவு. ஒலியில் சற்றே இழப்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் கம்பி உயரம் மாறாத ஒட்டுப்பலகைக் கிட்டார், மூன்றாம் மழைக்காலத்தில் பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கும் ஒற்றைப் பலகைக் கிட்டாரைவிட இனிமையாகவே ஒலிக்கும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கடினப்பெட்டி, அளவுமானி ஆகியவற்றுக்கும் சேர்த்துச் செலவிட முடிந்தவர்கள் மட்டும் ஒற்றைப் பலகையை நாடலாம்.

பணம் எதற்குத் தரப்படுகிறது?

மலிவான கிட்டாருக்கும் சற்று நல்ல கிட்டாருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு மரத்தின் பெயரிலோ பளபளப்பிலோ இல்லை. கழுத்து நேராக இருக்கிறதா, ஃப்ரெட்டுகள் சமமாகப் பதிக்கப்பட்டுள்ளனவா, முறுக்காணிகள் வழுக்காமல் நிற்கின்றனவா என்பவற்றில்தான் இருக்கிறது. வீணையில் மெட்டு என்று சொல்லப்படுவதே கிட்டாரில் ஃப்ரெட். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுவதால், சுருதி விலகினால் மெழுகை இளக்கி மெட்டுகளைத் திரும்பவும் அமைக்க முடிகிறது. கிட்டாரில் அந்த வாய்ப்பு இல்லை. ஆலையில் தவறான இடத்தில் பதிந்த ஃப்ரெட் கடைசிவரை தவறான சுரத்தையே தரும். நான்காயிரம் ரூபாய் கிட்டாருக்கும் ஒன்பதாயிரம் ரூபாய் கிட்டாருக்கும் இடையிலான தொகையில் பெரும்பகுதி இந்தத் துல்லியத்துக்காகவே தரப்படுகிறது என்று கொள்ளலாம்.

இந்த வரம்பில் கிடைப்பவற்றில் யமஹாவின் எஃப்280, எஃப்310 ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. கோர்ட் நிறுவனத்தின் ஏடி810 இவற்றுக்கு இணையான மற்றொன்று. கொல்கத்தாவின் கிவ்சன், விலையில் இவற்றுக்குக் கீழே நிற்பது. யமஹா சென்னையை அடுத்த ஆலையில் 2019-ஆம் ஆண்டு முதல் கீபோர்டுகளையும் கிட்டார்களையும் தயாரித்து வருகிறது. எந்தப் பெயராக இருந்தாலும், ஒரே மாடலின் இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே பெயரைத் தேர்ந்தெடுப்பதுடன் வேலை முடிந்துவிடாது. கையில் எடுத்த அந்த ஒன்றைச் சோதிப்பதே முக்கியம்.

ஒலிபெருக்கியில் இணைக்கும் வசதியுள்ள மாடல்கள் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக விற்கப்படுகின்றன. தேவாலயப் பாடகர் குழுவிலோ மேடையிலோ வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் அவற்றைத் தவிர்க்கலாம். இந்த விலையில் மின்னணுப் பகுதிக்குச் செல்லும் பணம் மரவேலையிலிருந்துதான் குறைக்கப்படுகிறது. கடற்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துப்போவது வேறு கதை.

மூன்று ஏடிஎம் அட்டைகள் போதும்

புதிய கிட்டார் வாங்குவதற்கு முன், வீட்டில் இருப்பதையே ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. கிட்டார் மோசம் என்று கருதப்படுவனவற்றில் கணிசமானவை, உண்மையில் கம்பி உயரம் சரிசெய்யப்படாதவையே.

ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று அட்டைகளை அடுக்கினால் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பியின் அடியில் இந்த மூன்றும் உரசாமல் நுழைந்தால் உயரம் சரியான அளவில் உள்ளது. மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு அட்டைகள் போதும். எண்கள் புடைத்திருக்கும் பழைய அட்டைகளைத் தவிர்க்கவும். தடித்த கம்பியின் அடியில் ஐந்து அட்டைகள் நுழைகின்றன என்றால் இடைவெளி நான்கு மில்லிமீட்டரை நெருங்குகிறது என்று பொருள். அந்தக் கிட்டாரில் எவர் பழகினாலும் விரல் வலிக்கத்தான் செய்யும்.

உயரத்தைக் குறைக்கும் வழி எளிது. பிரிட்ஜில் செருகப்பட்டிருக்கும் வெண்ணிறத் துண்டான சாடிலை வெளியே எடுத்து, அதன் அடிப்பகுதியைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சாடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சிறிது தேய்த்து, மாட்டி, அளந்து, மீண்டும் தேய்ப்பதே முறை. அதிகம் தேய்த்துவிட்டால் திரும்பக் கூட்ட முடியாது. புதிய சாடில் வாங்க வேண்டியதுதான், நல்லவேளையாக அது விலை குறைந்த பொருள்.

அதற்கு முன் கழுத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காம் ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். அப்போது கம்பியே ஓர் அளவுகோலாகிவிடும். ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் கழுத்து சரியாக உள்ளது. இடைவெளி பெரிதாக இருந்தால், கழுத்தினுள் செல்லும் ட்ரஸ் ராடு எனும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று மட்டும் வலப்புறம் திருகி, ஒரு நாள் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வலிந்து திருகக் கூடாது. அது முறிந்துவிட்டால் அந்த விலையுள்ள கிட்டாரைச் சீர்செய்வது பயனற்றது. மிக மலிவான கிட்டார்கள் சிலவற்றில் இந்தக் கம்பியே இருப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். புதிது வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்பது, மரம் எது என்று கேட்பதைவிட முக்கியம்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய கிட்டார் வழிக்கு வரவில்லை என்றால் புதியதைத் தேடலாம். வழிக்கு வந்துவிட்டால், பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

தலைநகரின் முதன்மைக் கடைத்தெருவான அபர்தீன் பஜாரில் வாங்கினாலும், மருத்துவத்துக்காகவோ கல்விக்காகவோ சென்னை, கொல்கத்தா செல்லும்போது வாங்கினாலும் சோதனைகள் ஒன்றே. சென்னையில் 1842-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல், கொல்கத்தாவில் லால்பஜார் அருகே ரவீந்திர சரணியில் வரிசையாக அமைந்துள்ள இசைக்கருவிக் கடைகள் போன்றவற்றில் பல கிட்டார்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

முதலில், துப்பாக்கி முனையைக் குறிபார்ப்பதுபோல் தலைப்பகுதியிலிருந்து கழுத்தின் விளிம்பை நோக்க வேண்டும். முறுக்கிக்கொண்டு நிற்கும் கழுத்தை எந்தத் திருகாணியாலும் திருத்த முடியாது. அந்தக் கிட்டாரை உடனே கீழே வைத்துவிடலாம். அடுத்து, ஆறு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்ட வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுவிடக் கூடாது. ஏதோ ஓரிடத்தில் மட்டும் கம்பி அதிர்ந்து கரகரத்தால் அங்கே ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது.

பின்னர் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நேர்மேலே கம்பியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டி, அதே இடத்தில் அழுத்தியும் மீட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும். அழுத்தும்போது சுரம் வெகுவாக உயர்ந்தால் கம்பி உயரம் அதிகம், அல்லது சாடில் அமைந்த இடமே தவறு. முதல் காரணத்தைத் திருத்தலாம், இரண்டாவதை இந்த பட்ஜெட்டில் திருத்த இயலாது.

இரண்டாம் கை கிட்டார் என்றால் இன்னும் ஒன்று. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே நுழைந்தால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. ஒலித்துளை வழியே கையை விட்டு, உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள மரச்சட்டங்கள் அசைகின்றனவா எனத் தொட்டுப் பாருங்கள். மேல்பலகையை விரல் முட்டியால் தட்டும்போது சலசலப்பு கேட்டாலும் இதே பொருள்தான். பணிமாற்றத்தில் தீவை விட்டுச் செல்பவர்கள் விற்கும் கிட்டார்களில் நல்லவை மலிவாக அமைவதுண்டு. இரண்டு மூன்று மழைக்காலங்களைக் கடந்தும் நேராக நிற்கும் கிட்டார், கடைப் புதிதைவிட நம்பத் தகுந்தது என்றே கூறலாம்.

நைலான் கம்பி ஒரு மாற்றா?

நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் வகை, விரல்களுக்கு மென்மையானது. எஃகுக் கம்பித் தொகுதி கிட்டாரின் மீது 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையைச் செலுத்துகிறது. நைலானின் இழுவிசை அதில் ஏறத்தாழ பாதிதான். ஈரத்தில் நெகிழ்ந்த மரத்துக்கு அது பெரிய நிம்மதி. மேல் மூன்று கம்பிகளும் துருப்பிடிப்பதில்லை. யமஹாவின் சி40 இந்த வகையில் பட்ஜெட்டுக்குள் வருவது.

ஆனால் கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து அகலமானது. தலைப்பகுதியில் 52 மில்லிமீட்டர், எஃகுக் கம்பிக் கிட்டாரிலோ 43 மில்லிமீட்டர் அளவுதான். சிறிய கைகளுக்கு இது கடினம். மேலும், 1982-ல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாடலின் தொடக்க கிட்டார் இசையை வாசித்துவிட வேண்டும் என்ற கனவோடு வருபவருக்கு நைலானின் மங்கிய ஒலி ஏமாற்றம் தரலாம். நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பியைப் பூட்டும் குறுக்குவழியை மட்டும் யாரும் முயலக் கூடாது. பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

தீவின் மரமும் கிட்டாரும்

இதில் ஒரு முரண் உண்டு. கிட்டாருக்கு ஏங்கும் இத்தீவுகளே, கிட்டாருக்கு உகந்த மரங்களின் பிறப்பிடம். யூனியன் பிரதேசத்தின் மாநில மரமான அந்தமான் படாக், வேங்கை, செஞ்சந்தனம் ஆகியவற்றின் நெருங்கிய உறவினம். செந்நிறமும் உறுதியும் கொண்ட இம்மரத்தைக் கிட்டாரின் பின்பலகைக்கும் பக்கவாட்டுக்கும் கைவினைஞர்கள் பயன்படுத்தியுள்ளனர். கருங்காலி இனத்தைச் சேர்ந்த அந்தமான் மார்பிள்வுட், விரல்பலகைக்கு ஏற்றது. 1883-ல் நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையிலிருந்து படாக் ஒருகாலத்தில் கடல் கடந்து சென்றது. 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின், தீவுகளில் மரம் வெட்டுவது உள்ளூர்த் தேவையின் அளவுக்குச் சுருக்கப்பட்டது. மேல்பலகைக்கான ஸ்ப்ரூஸோ குளிர்நாட்டு மரம், இங்கு வளர்வதே இல்லை.

தமிழில் ஈட்டி, தோதகத்தி என்று அழைக்கப்படும் நம் ரோஸ்வுட்டுக்கு, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் மாறியது என்பது கிட்டார் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. ஆனால் அந்தப் பெருமையை நம்பிப் பட்ஜெட் கிட்டாரில் 'ரோஸ்வுட்' என்ற சொல்லுக்குப் பணம் தர வேண்டியதில்லை. அந்த விலையில் அது பெரும்பாலும் மெல்லிய மேலொட்டு மட்டுமே.

கடல் தாண்டி வரும்போது

இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், விற்பனையாளர் 744 எனத் தொடங்கும் அஞ்சல் குறியீட்டுக்கு அனுப்புவாரா, குறையிருந்தால் திரும்பப் பெறும் செலவு யாருடையது என்ற இரண்டையும் பணம் செலுத்தும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பெட்டி வந்ததும் பிரிப்பதைக் கைபேசியில் இடைவிடாது படம்பிடிப்பது, பின்னர் முறையிட நேர்ந்தால் உதவும்.

சென்னையிலிருந்து தாமே எடுத்து வருபவர்கள், கம்பிகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட வேண்டும். முழுவதும் கழற்ற வேண்டாம். உடையக்கூடிய பகுதி, தலையும் கழுத்தும் சேருமிடம். தலைப்பகுதியின் அடியிலும் இருபுறமும் துணிகளைச் சுருட்டி வைத்து அசையாமல் செய்தால் பெரும்பாலான விபத்துகள் தவிர்க்கப்படும். விமானத்தில் முழு அளவுக் கிட்டார் கைப்பை அளவுக்குள் அடங்காது என்பதால், பயணச்சீட்டு பதிவு செய்யும்போதே விமான நிறுவனத்தின் விதியைக் கேட்டுவிடுவது நல்லது. கப்பலில் உடன் வைத்துக்கொள்வது எளிது, ஆனால் தளத்தின் வெயிலிலும் உப்புக்காற்றிலும் திறந்து வைக்கக் கூடாது.

பன்னிரண்டாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

முழுத் தொகையையும் கிட்டாருக்கே செலவிடுவது தீவில் நல்ல கணக்காகாது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாயைக் கிட்டாருக்கு ஒதுக்கி, மீதியைத் தடித்த பஞ்சு வைத்த உறை, ஈரப்பதம் காட்டும் சிறிய அளவுமானி, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு கூடுதல் கம்பித் தொகுதி, தேவைப்பட்டால் சரிசெய்யும் கூலி ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பிகளில் பித்தளை நிறத்தவற்றைவிட பாஸ்பர் பிரான்ஸ் வகை மங்குவது தாமதம். மெல்லிய பூச்சுள்ள கம்பிகள் மூன்று மடங்கு விலை, ஆனால் இங்கு அதற்கேற்ப உழைக்கும். 12-ஆம் எண் தொகுதிக்குப் பதில் 11-ஆம் எண் தொகுதியைப் பூட்டினால் விரலுக்கும் மேல்பலகைக்கும் சுமை குறையும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். கிட்டாரை வெளிச்சுவரில் மாட்டக் கூடாது, மழையில் நனையும் சுவரின் ஈரம் நேராக மரத்தில் ஏறும். உறைக்குள், கட்டிலுக்கு அடியிலன்றி அலமாரியில் வைக்கலாம். சிலிக்கா ஜெல் குண்டுகள் நிறம் மாறியதும் இரும்பு வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால், மீண்டும் ஈரம் உறிஞ்சும் திறனைப் பெறும். அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஜூன் முதல் டிசம்பர் வரை பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதுமானது.